நாற்காலிக்கு ஒரு புரோகிராம்

ராஜமணி அண்ணாச்சி ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மலுக்குள் கம்ப்யூட்டர் வேலையை முடித்துவிட்டது.

"சரி, ஆரம்பி தம்பி" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றான் ஆதித்தன்.

"என்னது முடிஞ்சிருச்சு?"

"கலைஞ்சு கிடந்த கோட்டுல எது பெருசுன்னு கண்டுபிடிச்சு முன்னால கொண்டாந்து நிறுத்திருச்சு. அந்தா நிக்குது பாருங்க."

அண்ணாச்சி டிவியைக் குனிந்து பார்த்தார். அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, அந்தப் பெரிய கோடு ஆரம்பத்திலிருந்தே அங்கனதான் நின்றது என்று சொல்லிவிட்டார். தன் கடையில் ஆணி நிறுக்கிறவன்கூடத் தராசு முள் ஆடுவதைக் காட்டாமல் பொட்டலம் கட்டமாட்டான் என்றார்.

"உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குக் காட்டு. கண்ணால பாக்காத வேலைக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

போடி கடைவீதியில் அண்ணாச்சி தலையாட்டாமல் எதுவும் நடக்காது. இரும்புக்கடை முதலாளி என்பது ஒரு பக்கம். கடைவீதி வர்த்தகர் சங்கத்துக்குத் தற்காலிகத் தலைவரும் அவர்தான். சங்கக் கட்டடத்து மாடியில் ஒரு ரூம் சும்மா பூட்டிக் கிடந்தது. காங்கிரீட் கூரை, தனி மீட்டர், தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த ரூம் கிடைத்தால் ஆதித்தனுக்குக் கம்ப்யூட்டர் சென்டர். கிடைக்காவிட்டால் பூண்டு.

பூண்டு விவகாரத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆதித்தன் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். பஹ்ரைனிலிருந்து லீவுக்கு வந்த அவன் அண்ணன் சும்மா வந்திருக்கலாம். எல்லாரும் சென்ட்டு பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவருகிற இடத்திலிருந்து அவன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். பலகாரத் தட்டு அகலம். ரப்பர் பொத்தான்கள். டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால், கோழியைப் பிடித்து அமுக்கிய மாதிரி கத்திக்கொண்டே புரோகிராம் உள்ளே ஏறும். கொடைக்கானல் டவர் வந்து வீட்டுக்கு வீடு டிவி முளைத்துக்கொண்டிருந்த சமயம். இனிமேல் உலகமே இந்தப் பெட்டிதான் என்று சொல்லி ஆதித்தன் வேலையை விட்டான்.

அவன் மனைவி கிருபாவதிக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை, அடுப்பு எரிந்தால் போதும். அவளுடைய அப்பாவுக்கு வடுகபட்டியில் பூண்டு மண்டி. மாப்பிள்ளைக்கென்று ஒரு ஸ்டூலே அங்கே தயாராக இருந்தது. பங்குனிக்குள் சென்டர் திறக்காவிட்டால் குடும்பத்தோடு வடுகபட்டிக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆதித்தனுக்கோ பூண்டு வாசனையே ஆகாது. ரசத்தில் மிதந்தால்கூட எடுத்து ஓரமாக வைக்கிற ஆள். அவனுக்கு அந்த ரூம் எப்படியாவது வேண்டும்.

ஆகவே அண்ணாச்சி கேட்டபடி உள்ளே நடப்பதைப் படமாகவே போட்டுக் காட்டத் துணிந்தான். திரையின் நடுவில் ஒரு நாற்காலி வரைந்தான். ஒரு கோடு அதில் உட்காரும். மற்றக் கோடுகள் ஒவ்வொன்றாக இடது பக்கத்திலிருந்து தத்தித் தத்தி வந்து அதன் பக்கத்தில் நின்று அளவு பார்க்கும். வந்தது குட்டையாக இருந்தால் பேசாமல் திரும்பிப் போகும். நெட்டையாக இருந்தால் உட்கார்ந்திருப்பதை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும். எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் ஓடவிட்டான். கண் சிமிட்டும் நேரத்தில் முடிக்கிற பெட்டியைப் பிடித்து மெதுவாகப் போ என்று கட்டிப் போடுவது அவனுக்கே சங்கடமாக இருந்தது. என்ன செய்வது, காட்ட வேண்டியிருக்கிறதே.

மறுநாள் அண்ணாச்சி அதைப் பார்த்தார். டீ ஆறி ஏடு படிந்தது தெரியாமல் பார்த்தார். தாழ்ப்பாள் வாங்க வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்கடுத்த நாளும் வரச் சொல்லி மறுபடி பார்த்தார். ஆதித்தனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதுவரைக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதில் சினிமா வருமா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி ஒருத்தர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இது எப்ப நிக்கும் தம்பி?"

"சேர்ல இருக்கிறவரை மிஞ்ச வேற ஆள் இல்லைன்னா நின்னுரும் அண்ணாச்சி."

"மிஞ்ச ஆள் இருந்தா?"

"அவரை உக்கார வச்சுட்டு, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

அண்ணாச்சி வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகுதான் சங்கத்துப் பேச்சை எடுத்தார்.

அந்தச் சங்கத்தில் ஓட்டு என்பதே கிடையாது. ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் எதிர்க்கடைக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று முன்னோர்கள் பயந்திருக்கிறார்கள். மரியாதையில் எவர் எல்லாருக்கும் முந்தியவரோ அவர் தலைவர், அவ்வளவுதான். பழைய தலைவர் குருசாமி தவறியபின் நாற்காலிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அண்ணாச்சி. இன்னொருவர் ஏலக்காய் மண்டி சுந்தர்ராஜ். மூன்றாமவர் ஜவுளிக்கடை செல்வமணி, அண்ணாச்சியின் சொந்த மருமகன். யார் முந்தியவர் என்று தீரவில்லை. செயலாளராக இருந்த அண்ணாச்சி, 'தீருகிற வரைக்கும்' என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் பிரம்பு இரண்டு தடவை மாற்றிப் பின்னியாகிவிட்டது, தீர்ந்தபாடில்லை. இந்தப் பாரத்தை யாராவது இறக்கி வையுங்களேன் என்று அவரும் கூட்டத்துக்குக் கூட்டம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது சுந்தர்ராஜ் கெடு வைத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகாசபையில் முடிவாகாவிட்டால், வழக்கமாவது ஒன்றாவது, ஓட்டுக்கு விடவேண்டியதுதான் என்று கடைகடையாகச் சொல்லி வந்தார்.

"உன் பெட்டியைக் கொண்டாந்து சபையில வை" என்றார் அண்ணாச்சி. "யாரு தலைவருன்னு அது எல்லாருக்கும் கண்ணால காட்டட்டும். காட்டிருச்சுன்னா மாடி ரூம் உனக்கு."

ஆதித்தன் வீட்டுக்குப் பறந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று கிருபாவதியிடம் சொன்னான். அவள், பால் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

நாற்காலிக்கு நிற்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கோடு என்று படத்தை மாற்றினான். முதல் கோளாறு மறுநாளே வந்தது. செல்வமணி அந்த வழியாகப் போனவர், படத்தை ஒரு தரம் பார்க்கலாமே என்று ஆதித்தன் வீட்டுக்குள் வந்தார். இந்த நெட்டைக் கோடு யார் என்றார். உங்கள் மாமனார் என்றான் ஆதித்தன். சரி, இந்த உயரமான கோடு? சுந்தர்ராஜ் முதலாளி. அப்படியானால் இந்த ஓரத்தில் குச்சி மாதிரி நிற்கிறது? ஆதித்தன் டிவி ஒயரைச் சரிசெய்யப் போனான். செல்வமணி உடம்பு வாகில் கொஞ்சம் குள்ளம். அதைக் கடைவீதியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பெட்டி டிவியில் போட்டுச் சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வந்த வேகத்தில் போய்விட்டார். சாயங்காலத்துக்குள், ஆதித்தன் ஆளை அளந்து கோடு போடுகிறான் என்று கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சரி என்று எல்லாக் கோட்டையும் ஒரே உயரமாக்கினான். இப்போது யார் வந்தார், யார் போனார் என்றே தெரியவில்லை. ஒரு கோடு எழுந்தது, ஒரு கோடு உட்கார்ந்தது. கிருபாவதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் அரிசி களைந்துகொண்டே, ஒண்ணும் நடக்கலையே என்றாள்.

அப்புறம்தான் அவனுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. கோடு எதற்கு, ஆளுக்கொரு உருவம் கொடுத்தால் என்ன? இரும்புக்கடைக்குச் சுத்தியல். ஜவுளிக்கடைக்கு மடித்த துணிக்கட்டு. ஏலக்காய் மண்டிக்கு ஏலக்காய். கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைய வேண்டும், எட்டுக் கட்டத்துக்கு மேல் இடம் கிடையாது. சுத்தியல் சுமாராக வந்தது. துணிக்கட்டு, செங்கல் என்று சொன்னால் நம்பலாம். ஏலக்காய்தான் மாட்டிவிட்டது.

"இது என்னது, பெருச்சாளியா?" என்றாள் கிருபாவதி.

"ஏலக்காய்."

"ஏலக்காய்க்கு எதுக்கு மூக்கு?"

"அது காம்பு."

காம்பை எடுத்தான். இப்போது அது மூக்கறுந்த பெருச்சாளியாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம் வளைத்தான், வால் வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள், இவனுக்கு ஏலக்காய் பிடிக்கப் பிள்ளையாரின் வாகனம் வந்தது. பொழுது போய்விட்டதால் அதையே பச்சை நிறத்தில் போட்டுக் கேசட்டில் ஏற்றிவிட்டான். பச்சையாக இருந்தால் ஏலக்காய் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சுக்கும் போய்விட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கத்தில் கூடினார்கள். கடைவீதியே வந்திருந்தது. மேடையில் பிரம்பு நாற்காலி. அதில் அண்ணாச்சி. கீழே முன் வரிசையில் ஒரு ஓரம் சுந்தர்ராஜ், மறு ஓரம் செல்வமணி. மேசைமேல் சங்கத்து டிவி. அது கறுப்பு வெள்ளை டிவி. பச்சை நிறம் எல்லாம் வீட்டு டிவியோடு போயிற்று.

கேசட் கத்தி ஓய்ந்து உருவங்கள் வந்ததும், சுந்தர்ராஜ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அந்தப் பெருச்சாளி யார் என்று விசாரித்தார். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது ஏலக்காய்ங்க" என்றான் ஆதித்தன் அவசரமாக. "முதலாளிதான் அது."

சபையில் நாலைந்து பேர் இருமினார்கள். சுந்தர்ராஜ் இறுகிய முகத்தோடு, மேலே நடத்தச் சொன்னார்.

பெட்டி செய்கிற வேலையை ஆதித்தன் விளக்கினான். சேரில் ஒருத்தரை உட்கார வைக்கும். எதிரே ஒருத்தரைக் கொண்டுவரும். இவர்கள் இரண்டு பேரில் யார் முந்தியவர் என்று கேட்கும். சபை சொல்லுகிற பதிலை அவன் பொத்தானில் அமுக்குவான். ஒரு தடவை சொன்ன பதிலைப் பெட்டி மறக்காது, மறுபடி கேட்கவும் கேட்காது. மிஞ்ச ஆளில்லாத ஒருத்தர் சேரில் வந்ததும் மணி அடித்து நின்றுவிடும். அவர்தான் தலைவர். கோடு கிழித்த மாதிரி நேர்மையான வேலை.

முதலில் பழக்கத்துக்காகச் சில்லறைக் கடைக்காரர்கள் இரண்டு பேரை வைத்து ஓட்டினான். பலசரக்கு மலைச்சாமி சேரில் இருந்தார், பாத்திரக்கடை சீனிச்சாமி எதிரே வந்தார். சீனிச்சாமிதான் முந்தியவர் என்று சபை சொன்னது, மலைச்சாமியும் விட்டுக்கொடுத்தார். பொத்தானை அமுக்கியதும் மலைச்சாமியின் உருவம் நாற்காலியிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக் கீழே விழுந்தது, 'பொய்ங்' என்று ஒரு சத்தமும் வந்தது. பார்க்க நன்றாக இருக்கும் என்று ஆதித்தன் ஆசையாகச் சேர்த்தது அது.

நிஜ மலைச்சாமி எழுந்து நின்றுவிட்டார். விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னது வாஸ்தவம், தள்ளிவிடச் சொல்லவில்லையே என்றார். நியாயம்தான். ஆதித்தன் பொத்தான்களைத் தட்டித் திருத்தினான். அடுத்த தடவை தோற்றவர் விழவில்லை, குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகினார். மலைச்சாமி இன்னும் சூடானார். சீனிச்சாமிக்கு நான் கும்பிடு போடுவதா, போன வருஷம் என் வாசலில் சாக்கடையைத் திருப்பிவிட்டவனுக்கா என்று சாக்கடை வழக்கு சபைக்கு வந்துவிட்டது. ஆதித்தன் அதையும் எடுத்தான். மூன்றாவது தடவை தோற்றவர் விழவுமில்லை, கும்பிடவுமில்லை. இருந்த இடத்திலேயே மறைந்துபோனார்.

சபையில் இருந்தவர்கள் எல்லாரும் நிஜ மலைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா" என்றார் மலைச்சாமி, டிவியைக் குனிந்து பார்த்து. "என்னைய எங்கனப்பா காணோம்?"

நல்ல நாள் அதுவுமாக ஒரு மனுஷனை இல்லாமல் ஆக்கிவிட்டானே என்று பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஆதித்தன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அவுக டீ குடிக்கப் போயிருக்காக. இப்ப வந்துருவாக."

உடனே தோற்றவர் இடது பக்கமாக நடந்து வெளியே போய்த் திரும்பி வருகிறபடி மாற்றி எழுதினான். மலைச்சாமி திரையில் திரும்பி வந்ததும் சபை மூச்சுவிட்டது. டீ குடிக்கப் போவதில் யாருக்கும் அவமானமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவர் தோற்கும்போதும் எல்லாரும் சேர்ந்து, டீக்குப் போயிட்டாரு என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆதித்தன் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாடி ரூம் ஜன்னல் அவன் கண்முன்னால் திறந்தது.

இனிப் பெரிய ஆட்டம். துணிக்கட்டு சேரில் இருந்தது, சுத்தியல் எதிரே வந்து நின்றது. செல்வமணியா, ராஜமணியா? செல்வமணியே எழுந்தார். மாமனாருக்கு முன்னால் மருமகன் உட்காருவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். அப்படி உட்கார்ந்தால் தனக்கு வீட்டில் சோறு விழாது என்பதையும் மறைக்கவில்லை. சபை கைதட்டியது. துணிக்கட்டு டீக்குப் போயிற்று, சுத்தியல் சேரில் ஏறியது.

அடுத்து, பெருச்சாளி என்று சொல்லக் கூடாத ஏலக்காய் தத்தித் தத்தி வந்து சுத்தியலுக்கு எதிரே நின்றது. இத்தனை வருஷமாகக் கூட்டம் உடைகிற இடம் இதுதான். சங்கக் கட்டடத்துக்கு மனை கொடுத்தது சுந்தர்ராஜ் குடும்பம், கம்பி கொடுத்தது தன் கடை என்று அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நிற்பார். மனை பெரிசா, கம்பி பெரிசா என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் கலைவார்கள். சுந்தர்ராஜும் அதற்குத் தயாராக, ஓட்டுக்கு விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார்.

அண்ணாச்சி நாற்காலியில் இருந்து மெல்ல எழுந்தார்.

"மனை இல்லாம கம்பியை எங்கன நடுறது? சுந்தர்ராஜ் அண்ணன்தான் எனக்கு முந்தி. தம்பி, அமுக்கு."

சபையே ஆடிப்போய்விட்டது. சுந்தர்ராஜ் திறந்த வாயை மூட மறந்தார். அவருடைய கண்ணில்கூடத் தண்ணீர் தட்டிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மனுஷன்னா இவரல்லவா மனுஷன் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். சுத்தியல் டீக்குப் போயிற்று, ஏலக்காய் சேரில் ஏறி உட்கார்ந்தது.

ஆதித்தனுக்குச் சந்தோஷம் தாளவில்லை. இன்னும் ஒரே கேள்விதான். துணிக்கட்டு எதிரே வந்தது. சுந்தர்ராஜா, செல்வமணியா? இதில் பேச்சுக்கே இடமில்லை. சங்கத்தை ஆரம்பித்தது செல்வமணியின் தாத்தா. ஹால் சுவரில் பதித்த கல்லிலேயே அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. சுந்தர்ராஜ் கல்லைப் பார்த்தார், கல்லும் அவரைப் பார்த்தது. ஒப்புக்கொண்டார். ஏலக்காய் டீக்குப் போயிற்று, துணிக்கட்டு சேரில் ஏறியது.

பெட்டி இனிக் கேட்க ஒன்றுமில்லை. எல்லாப் பதிலும் அதனிடம் இருக்கிறது. தானாக ஓட ஆரம்பித்தது.

துணிக்கட்டு உட்கார்ந்திருந்தது. சுத்தியல் வந்தது, மாமனாரல்லவா, ஏறி உட்கார்ந்தது. ஏலக்காய் வந்தது, மனை கொடுத்த குடும்பமல்லவா, சுத்தியலை எழுப்பிவிட்டு உட்கார்ந்தது. துணிக்கட்டு வந்தது, கல்லில் பெயர் இருக்கிறதல்லவா, ஏலக்காயை எழுப்பியது. அப்புறம் சுத்தியல் வந்தது. அப்புறம் ஏலக்காய். அப்புறம் துணிக்கட்டு.

ஜவுளிக்கடைப் பக்கத்து ஆட்கள் துணிக்கட்டு ஏறும்போது விசிலடித்தார்கள். ஏலக்காய் ஏறும்போது மண்டிக்காரர்கள் தொடையைத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு அது திருவிழா மாதிரிதான் இருந்தது. ஆதித்தன் மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இவரை அவர் மிஞ்சுகிறார், அவரை இன்னொருவர் மிஞ்சுகிறார், அந்த இன்னொருவரை மறுபடி இவர் மிஞ்சுகிறார். மிஞ்ச ஆளில்லாத ஒருத்தர் இந்த வட்டத்தில் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. மணி அடிக்கப்போவதில்லை.

மெதுவாக ஓடுவதால்தான் முடியவில்லை என்று யாரோ சொன்னார்கள். வேகத்தைக் கூட்டச் சொல்லிச் சபையே கேட்டது. கூட்டினான். நாற்காலியில் இப்போது துணியும் சுத்தியலும் ஏலக்காயும் ஒன்றன்மேல் ஒன்றாக மின்னி, சுத்தியல் தலையும் சேலை உடம்பும் வாலுமாக ஒரு விநோத ஜந்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பயபக்தியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதித்தன் எழுந்து நின்று உண்மையைச் சொன்னான். இது நிற்காது, மூன்று முதலாளிகளில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் நிற்கும் என்றான். கல்லை அழிக்க முடியுமா என்றார் செல்வமணி. மனையைத் திரும்பக் கட்டித் தூக்கிக்கொண்டு போகவா என்றார் சுந்தர்ராஜ். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்தார். அவர்தான் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டாரே, அந்த நல்ல மனுஷனை இன்னும் என்ன செய்யச் சொல்கிறாய் என்று சபை ஆதித்தன்மேல் பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

திரை இருண்டது. இன்னும் ரெண்டு சுற்று ஓடியிருந்தால் ஏலக்காயில்தான் நின்றிருக்கும் என்று சுந்தர்ராஜ் அடித்துச் சொன்னார். துணிக்கட்டில் நிற்கத் தெரிந்தது என்றார் செல்வமணி. ஓட்டுப் பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. தன் ஆள் சேரில் உட்கார்ந்ததை ஆளாளுக்குக் கண்ணால் பார்த்தாயிற்று, பெட்டி தங்கள் பக்கம்தான் என்ற நம்பிக்கையில் ஓட்டு எதற்கு? ஆதித்தன் ஒருத்தன் மட்டும் அது நிற்காது நிற்காது என்று முனகிக்கொண்டிருந்தான். அடுத்த மகாசபையில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது என்றும், பெட்டி முடிவு சொல்லுகிற வரைக்கும் அண்ணாச்சியே இருக்கட்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார். பாரம் இறங்காத மனுஷனாக மறுபடி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சபை கலைந்தது. ஆதித்தன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அண்ணாச்சி முன்னால் போய் நின்றான். மிசின்னா அப்படி இப்படித்தான் இருக்கும், மனசை விட்டுராத என்று அவர் அவன் முதுகில் தட்டினார். ரூமைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்க இவனுக்கும் முகமில்லை. காட்டிவிட்டால் ரூம் என்பதுதானே பேச்சு, எதைக் காட்டினோம் என்று அவனுக்கு அழுகை வந்தது. ஊரில் ஒருத்தருக்கும் படம் புரியவில்லை. ஒரே ஒருத்தர் ஆசையாகப் பார்த்தார், அவர் முகத்திலும் கரியைப் பூசியாகிவிட்டது. வாசலில் நின்ற கிருபாவதி, வடுகபட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் விளக்குமாறும் வாளியுமாக சங்கிலியம்மாள் இறங்கி வந்தாள். சங்கக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். பெட்டி, டிவி, டேப் எல்லாவற்றையும் அப்படியே மாடிக்குத் தூக்கச் சொல்லவா, ஆள் வேண்டுமா என்று கேட்டாள்.

"மாடிக்கு எதுக்குக்கா? பெட்டி முடிவே சொல்லலையே. இனி ரூம் கிடைக்காது" என்றான் ஆதித்தன்.

சங்கிலியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். மடியை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நேத்தே கழுவிவிட்டு வச்சாச்சே தம்பி. 'நாளைக்கு அந்தப் பெட்டி நிக்கவே நிக்காது, அது நிக்காத வரைக்கும் நானும் எந்திரிக்க வேண்டியதில்ல, அந்தப் பையனுக்கு ரூமைக் குடுத்துரு'ன்னு சிரிச்சுக்கிட்டே அண்ணாச்சிதான் சாவியைக் குடுத்துட்டுப் போனாக."